மாதாமாதம் கையில் கொஞ்சம் பணம்: குறைந்தபட்ச வருமானத் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 2023-இல் மகளிர் உரிமைத் தொகை வந்ததிலிருந்து, வறுமை பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. டீக்கடையிலும் வருகின்றன, படித்தவர்கள் கூட்டத்திலும் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பிரேசில் அடிக்கடி தலைகாட்டும். ஏன் என்பது 4-ஆம் கேள்வியில் தெரியும்.

1. குறைந்தபட்ச வருமானத் திட்டம்னா என்ன? எல்லாருக்கும் மாசாமாசம் காசு குடுக்கிறதா?

எல்லாருக்கும் இல்லை. இந்தப் பெயரில் மூன்று வேறு விஷயங்கள் புழங்குகின்றன. முதல் வகையில் அரசு ஒரு வருமான அளவை நிர்ணயிக்கும். ஒரு குடும்பத்தின் வருமானம் அதற்கு எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் நிரப்பிக் கொடுக்கும். சீனாவின் 'டிபாவ்' இப்படித்தான். 1993-இல் ஷாங்காயில் தொடங்கி, 1999-இல் எல்லா நகரங்களுக்கும், 2007-இல் கிராமங்களுக்கும் போனது. கொரோனா நடுவே 2020-இல் ஸ்பெயின் கொண்டுவந்ததும் இதே வகை.

இரண்டாவது, ஏழைக் குடும்பம் என்று பதிவானவர்களுக்கு ஏற்கனவே தீர்மானித்த ஒரு தொகை. பிரேசிலின் 'போல்சா ஃபமீலியா', நம் உரிமைத் தொகை இரண்டும் இந்தப் பக்கம். மூன்றாவது, ஏழை பணக்காரர் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் கொடுப்பது. வாக்குவாதம் நடக்கிற இடங்களில் பெரும்பாலும் ஒருவர் இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருப்பார், இன்னொருவர் மூன்றாவதைத் திட்டிக்கொண்டிருப்பார்.

2. 'தீவிர வறுமை'ங்கிறாங்களே, அது எவ்வளவு வருமானம்?

உலக வங்கிக் கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். 2025 ஜூன் வரை 2.15 டாலராக இருந்தது. இதை இன்றைய டாலர் விலையால் பெருக்கிவிட்டு "இவ்வளவா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பெருக்கக் கூடாது. அமெரிக்காவில் 3 டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அது. 2021 விலையில் அறுபது ரூபாய்ச் சொச்சம்தான். சோறு, துணி, மருந்து, பஸ், வாடகை எல்லாம் அதற்குள். உலகில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் இதற்கும் கீழே இருக்கிறார்கள்.

3. மாசம் ஆயிரம் ரூபாயில வறுமை ஒழிஞ்சிடுமா?

ஒழியாது. ஆனால் என்ன மாறுகிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய் வேண்டும் என்று கோடு கிழித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு வீட்டில் 7,500 வருகிறது, இன்னொரு வீட்டில் 3,000. இருவருக்கும் ஆயிரம் கொடுக்கிறோம். முதல் வீடு கோட்டைத் தாண்டிவிட்டது. அரசாங்க அறிக்கையில் ஒரு ஏழைக் குடும்பம் குறையும். இரண்டாவது வீடு 4,000-இல் நிற்கிறது. அறிக்கையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது இரண்டாவது வீட்டில்தான்.

எத்தனை பேர் கோட்டுக்குக் கீழே என்பது ஒரு அளவு, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறார்கள் என்பது வேறு அளவு. சிறு தொகைத் திட்டங்களின் பலன் பெரும்பாலும் இந்த ஆழத்தில்தான் தெரியும். மேடையில் பேசுகிறவர்கள் முதல் அளவை மட்டுமே சொல்வதால் ஆளுங்கட்சி கூட்டிச் சொல்கிறது, எதிர்க்கட்சி ஒன்றுமே நடக்கவில்லை என்கிறது.

அப்புறம், தேதி. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் வருமானம் குறைவு என்பதை விட, எப்போது வரும் என்று தெரியாது என்பது பெரிய தொல்லை. ஐப்பசி கார்த்திகையில் அடை மழை பிடித்தால் பத்து நாள் அடுப்புக்கே திண்டாட்டம். அந்த நேரத்தில்தான் தோடு அடகுக் கடைக்குப் போகும், இல்லையென்றால் வட்டிக்காரர் வருவார். தேதி தவறாமல் வரும் ஆயிரம், தொகையை விட அதிகமாக உதவுவது இதனால்தான். மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து எப்போதோ போட்டால் அந்தப் பலன் போய்விடும்.

4. எங்கேயாவது உண்மையிலேயே பலன் குடுத்திருக்கா?

நீண்ட காலம் நடந்து, நன்றாக அளக்கப்பட்ட உதாரணம் பிரேசில். 1995-இல் கம்பினாஸ் நகரமும் தலைநகர் பிரசிலியாவும் தனித்தனியாக, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கின. 2001-இல் அது மத்திய அரசுத் திட்டமானது. 2003 அக்டோபரில் அதிபர் லூலா, பள்ளிக்கு ஒன்று, சத்துணவுக்கு ஒன்று, சமையல் காஸுக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த உதவிகளை ஒன்றாக்கி 'போல்சா ஃபமீலியா' என்று பெயர் வைத்தார். பத்தே ஆண்டில் ஏறத்தாழ 1.4 கோடிக் குடும்பங்கள், அதாவது நாட்டில் நான்கில் ஒருவர், அதற்குள் வந்துவிட்டார்கள். செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது.

அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனமான இப்பேயா 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, இத்திட்டம் தீவிர வறுமையை 25 சதவீதமும் வறுமையை 15 சதவீதமும் குறைத்தது. இன்னொரு ஆய்வு 2013-இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. திட்டம் நன்றாகப் பரவிய நகராட்சிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு 17 சதவீதம் குறைந்தது. ஊட்டக்குறைவால் வரும் இறப்பு மட்டும் 65 சதவீதம். எனக்கு முதல் எண்ணை விட இந்த இரண்டாவது எண்தான் பெரிதாகப் படுகிறது.

ஆனால் பிரேசிலில் வறுமை குறைந்ததெல்லாம் இதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. அதே காலத்தில் குறைந்தபட்சக் கூலி நன்றாக ஏறியது, வேலைவாய்ப்பும் கூடியது. 2014-இல் ஐ.நா. உணவு அமைப்பின் பசிப் பட்டியலிலிருந்து பிரேசில் வெளியேறியது, அப்புறம் பொருளாதாரச் சரிவிலும் கொரோனாவிலும் திரும்ப உள்ளே போனது, 2025-இல் மறுபடி வெளியே வந்தது. திட்டம் இருந்துகொண்டே இருந்தும் இந்த ஏற்ற இறக்கம்.

5. காசாக் குடுத்தா குடிச்சே தீத்துடுவாங்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் பார்த்தார்கள். இத்தகைய பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடவில்லை. சில இடங்களில் குறைந்தே இருந்தது. குடிக்கிறவர் கூலிக் காசிலும் குடிக்கத்தான் செய்கிறார். டாஸ்மாக் பிரச்சினை வேறு பிரச்சினை, அதற்கு வேறு மருந்து வேண்டும். அகவிலைப்படி நிலுவை வாங்கியவரிடம் "அதை எதற்குச் செலவழித்தீர்கள்?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

6. சும்மா காசு வந்தா எவன் வேலைக்குப் போவான்? வயலுக்கு ஆளே கிடைக்கல.

மெக்சிகோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களை அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் சேர்த்து ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலை செய்வது குறைந்ததற்கு முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் பெண் தொழிலாளர் சங்கமான சேவா, யுனிசெஃப் நிதியுதவியுடன் 2011 தொடங்கி நடத்திய சோதனை இன்னும் சுவாரசியம். பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைகளுக்கு 100, பிறகு 300, 150. அங்கே பலர் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவதைக் குறைத்து, விதையும் உரமும் வாங்கித் தங்கள் நிலத்திலேயே பாடுபட்டார்கள்.

அப்போது "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லும் விவசாயி பொய் சொல்கிறாரா? இல்லை. பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மை. வீட்டில் அரிசி இருக்கிறவர் கொஞ்சம் பேரம் பேசுவார். சிறு விவசாயிக்கு அது சுமைதான், மறுக்கவில்லை. அந்தச் சுமையை விளைபொருள் விலையில் தீர்க்க வேண்டும், கூலியாளின் பட்டினியில் தீர்க்கக் கூடாது என்பது என் கட்சி.

7. வருமானம் கொஞ்சம் ஏறினா உடனே பேரை வெட்டிடுவாங்களா?

6-ஆம் பதிலுக்கு ஒரு விதிவிலக்கு இங்கேதான் இருக்கிறது. கேள்வி 1-இல் சொன்ன முதல் வகையில், குறையை மட்டும் நிரப்பும் திட்டத்தில், நீங்கள் நூறு ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால் அரசு தருவதில் நூறு ரூபாய் குறைந்துவிடும். உழைத்தும் ஒன்றும் மிஞ்சாது. ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் அது சோம்பல் இல்லை, கணக்கு. சீனாவின் டிபாவ் மீது இந்தக் குற்றச்சாட்டு பலகாலமாக உண்டு. காகிதத்தில் உள்ள விதியைக் கறாராகப் பின்பற்றாமல் விடுவதுதான் பல ஊர்களில் அதற்குக் கிடைத்த தீர்வு.

பிரேசில் 2023-இல் செய்தது நல்ல ஏற்பாடு. தலைக்கு மாத வருமானம் 218 ரெயால் (பிரேசில் நாணயம்) வரை உள்ள குடும்பம் சேரலாம். பிறகு வேலை கிடைத்து வருமானம் ஏறினாலும், ஒரு வரம்பு வரை, பேர் உடனே போகாது. பாதித் தொகை இரண்டு ஆண்டுகள் வந்துகொண்டிருக்கும். 2025-இல் இந்தக் காலத்தைக் குறைத்துவிட்டார்கள். வேலை போனால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டுமே என்ற பயம் இருக்கிறவர் சம்பளச் சீட்டு உள்ள வேலைக்கே போக மாட்டார்.

8. ஏன் பொம்பளைங்க பேர்லயே போடுறாங்க? ஆம்பளைக்கு வீட்டுல உரிமை இல்லையா?

தென்னாப்பிரிக்காவில் முதியோர் பென்ஷனை வைத்துப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ செய்த ஆய்வில், பாட்டி கையில் பணம் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறியிருந்தன. தாத்தா கையில் வந்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. பிரேசிலில் அட்டைதாரர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள்.

கணக்கு அக்கா பேரில், ஏ.டி.எம். கார்டு மாமா சட்டைப் பையில் என்பதும் நடக்கிறதுதான். அப்படியானாலும், பணம் யாருடையது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

9. பிள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பணும், தடுப்பூசி போடணும்னு நிபந்தனை எதுக்கு? ஏழைக்கு அது தெரியாதா?

மெக்சிகோ 1997-இல் 'ப்ரோக்ரெசா' என்ற திட்டத்தில் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. பிரேசிலிலும் பள்ளி வருகை, தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை எல்லாம் நிபந்தனைகள். நமக்கும் புதிதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி, பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் ஏற்பத் தவணைகளாக வருவதுதானே?

நிபந்தனை பலன் தருகிறதா என்பதற்கு மலாவியில் நடந்த ஒரு சோதனை இரண்டு பதில் சொல்கிறது. பதின்வயதுப் பெண்களில் ஒரு குழுவுக்குப் பள்ளி போனால் பணம், இன்னொரு குழுவுக்குப் போனாலும் போகாவிட்டாலும் பணம். படிப்பில் முதல் குழு முந்தியது. ஆனால் பள்ளியை விட்டுவிட்ட பெண்களைப் பார்த்தால், நிபந்தனை இல்லாத குழுவில்தான் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் குறைவு. நிபந்தனையைத் தவறவிடுகிற வீடுதான் பெரும்பாலும் அதிகக் கஷ்டத்தில் உள்ள வீடு. அங்கே பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இதிலிருந்து தெரியும். பள்ளியே தூரத்தில் இருக்கும்போது, செவிலியர் வராதபோது, நிபந்தனை போடுவதில் அர்த்தமும் இல்லை.

10. ரேஷன் அரிசிக்குப் பதிலா காசாவே குடுத்துடலாமே? கடத்தலும் இருக்காது.

செய்து பார்த்தார்கள். 2017 அக்டோபரில் ஜார்க்கண்ட் மாநிலம் ராஞ்சி அருகே நக்ரி வட்டாரத்தில் அரிசி மானியத்தை வங்கியில் போட்டார்கள். மக்கள் பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்குப் போய், எடுக்க சேவை மையத்துக்குப் போய், அதை வைத்து ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய்க்கு மேல் கொடுத்து அரிசி வாங்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்து 2018-இல் கைவிட்டார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2015-இல் அங்கே அரிசிக்குப் பதில் பணம் என்றானது. ரேஷன் கடைகள் மூடின. அரிசியா பணமா என்று ஆளுநர் மாளிகையும் அமைச்சரவையும் ஆண்டுக்கணக்கில் மோதின. 2024-இல்தான் கடைகள் மறுபடி திறந்தன. அரிசி விலை ஏறினாலும் 20 கிலோ 20 கிலோதான். பணம் அப்படி இல்லை. மெக்சிகோவில் உணவுப் பெட்டியையும் பணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பொருள் வந்த ஒதுக்குப்புறக் கிராமங்களில் கடை விலை இறங்கியது தெரிந்தது. பணம், ரேஷனுக்கு மேல் வருவதாக இருக்க வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டு வருவதாக இருந்தால் நான் எதிர்ப்பேன்.

11. எல்லாருக்கும் காசு குடுத்தா விலைவாசி ஏறாதா?

கென்யாவின் சியாயா மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தலா ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்தது. அந்த வட்டாரப் பொருளாதாரத்துக்கு அது மிகப் பெரிய தொகை. விலை ஏறியது சராசரியாக 0.1 சதவீதம்தான். கடைக்காரர்கள் கூடுதல் சரக்கு இறக்கினார்கள், பணம் வாங்காத வீடுகளுக்கும் வருமானம் கூடியது.

பிலிப்பைன்ஸில் வேறு கதை. சந்தையோடு தொடர்பு குறைந்த கிராமங்களில் முட்டை, மீன் போன்றவற்றின் விலை ஏறி, பணம் கிடைக்காத வீட்டுக் குழந்தைகளின் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. சரக்கு எளிதில் வந்து சேரும் ஊரில் விலை ஏறாது, பாதை மோசமான மலைக் கிராமத்தில் ஏறலாம். அங்கே 10-ஆம் பதிலில் சொன்ன ரேஷன் கடை கூடவே இருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: விலைவாசி திட்டத்தையே தின்றுவிடும். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டி, ஒவ்வொருவருக்கும் மாதம் 4,55,000 ரியால் கொடுத்தது. தொடக்கத்தில் நல்ல தொகை. ஆண்டுக்காண்டு பணவீக்கம் ஓட, தொகை அப்படியே நிற்க, சில ஆண்டுகளில் அது சில்லறையாகிவிட்டது. நம் மத்திய அரசின் முதியோர் பென்ஷன் பங்கு, 60 முதல் 79 வயதுக்காரர்களுக்கு, இருநூறு ரூபாயிலேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. தமிழ்நாடு தன் பணத்தைச் சேர்த்து 2023-இல் 1,200 ஆக்கியதால் இங்கே அது கண்ணில் படுவதில்லை. ஊழியர் சம்பளத்துக்கு அகவிலைப்படி இருக்கும்போது, விலைவாசியோடு ஏறும் ஏற்பாடு பாட்டியின் பென்ஷனுக்கு ஏன் இல்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

12. மாடி வீட்டுக்காரங்களுக்கு வருது, எங்க தெருவுல நிஜமாக் கஷ்டப்படுறவங்களுக்கு வரலையே?

இந்தத் திட்டங்களின் பலவீனமான இடம் இதுதான். ஏழையைக் கண்டுபிடிக்க எந்த நாட்டிலும் நல்ல கருவி கிடையாது. கூலிக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்காது; அதனால் நிலம், மின்சாரம், வாகனம் என்று அடையாளங்களை வைத்து ஊகிக்கிறார்கள். உரிமைத் தொகை தொடங்கியபோது ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்பு வைத்தார்கள். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் வாடகைக்கு இருக்கும் வீட்டில் இந்தக் கடைசி வரம்பு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இலங்கையில் 2023-இல் 'சமுர்த்தி' என்ற பழைய உதவித் திட்டத்துக்குப் பதிலாக 'அஸ்வெசும' வந்தபோதும் பட்டியலில் விடுபட்டவர்களிடமிருந்து மேல்முறையீடுகள் குவிந்தன.

தவறு இரண்டு வகை: தகுதியில்லாதவர் உள்ளே வருவது, தகுதியுள்ளவர் வெளியே நிற்பது. முதலாவது செய்தியாகிறது, இரண்டாவது ஆவதில்லை. மாடி வீட்டுக்குப் போன ஆயிரத்தால் அரசுக்கு ஆயிரம் நட்டம். குடிசைக்குப் போகாத ஆயிரம் ஒரு குழந்தையின் பால். மாடி வீட்டுக்காரரைப் பிடிக்கிறேன் என்று சல்லடையை நெருக்கமாக்கும்போதெல்லாம், ஆவணம் இல்லாதவரும் தனியாக வாழும் கிழவியும்தான் முதலில் வெளியே விழுகிறார்கள்.

13. அப்ப எல்லாருக்குமே குடுத்துட்டா தொல்லை விட்டுதில்ல?

பட்டியல் தொல்லை விடும், பணத் தொல்லை வரும். இந்தியாவின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் இதற்கு ஒரு தனி அத்தியாயமே எழுதினார். ஒருவருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், 75 சதவீத மக்களுக்குக் கொடுத்தால் நாட்டு உற்பத்தியில் 4.9 சதவீதம் ஆகும் என்று கணக்கு. பிரேசில் செலவோடு (கேள்வி 4) ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு. அலாஸ்காவில் 1982 முதல் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பங்குத்தொகை வருகிறது; அங்கே எண்ணெய் இருக்கிறது, ஆட்கள் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், பிரேசிலில் எல்லாருக்கும் அடிப்படை வருமானம் என்று சட்டமே இருக்கிறது. செனட்டர் எதுவார்து சுப்லிசி பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2004 ஜனவரியில் லூலா கையெழுத்திட்டார். படிப்படியாக, ஏழைகளிலிருந்து தொடங்கி, என்று அதில் ஒரு வரி இருக்கிறது. இன்னும் அந்த முதல் படியில்தான் இருக்கிறார்கள்.

என் யோசனை நடுவழி: முதியோர், மாற்றுத் திறனாளி, கர்ப்பிணி, சிறு குழந்தை ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் கொடுத்துவிடலாம். வயதையும் கர்ப்பத்தையும் சரிபார்ப்பது சுலபம், வறுமையைச் சரிபார்ப்பதுதான் கடினம்.

14. கேரளா காசு குடுக்காமலே தீவிர வறுமைய ஒழிச்சிட்டாங்களாமே?

2025 நவம்பர் 1-இல் அப்படி அறிவித்தார்கள். 2021-இல் தொடங்கிய திட்டத்தில் 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் போட்டார்கள்: ஒருவருக்கு வீடு, ஒருவருக்குச் சிகிச்சை, ஒருவருக்கு வெறும் ரேஷன் அட்டை. பட்டியல் சிறியது, பழங்குடியினர் பலர் விடுபட்டிருக்கலாம் என்ற விமர்சனமும் அப்போதே வந்தது.

ஆனால் "காசு கொடுக்காமல்" என்பது சரியில்லை. கேரளத்தில் நலப் பென்ஷன்கள் ஏற்கனவே பரவலாகப் போய்ச் சேர்கின்றன, அரசு மருத்துவமனையும் பள்ளியும் இருக்கின்றன. அதற்கு மேல் நின்றுதான் மிச்சமிருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேட முடிந்தது. வீடும் மருந்தும் இல்லாதவருக்கு மாதம் ஆயிரம் போதாது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

15. என்னதான் சொன்னாலும் இது ஓட்டுக்குக் குடுக்கிற காசுதானே?

ஓட்டைக் கணக்கில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். ரோடு போடுவதும் அப்படித்தான். பிரேசிலில் அதிபர் போல்சொனாரோ 2021-இல் திட்டத்தின் பெயரை மாற்றினார், 2022 தேர்தலுக்குச் சில மாதம் முன் தொகையை 600 ரெயாலாக உயர்த்தினார், தேர்தலில் தோற்றார். அடுத்து வந்த லூலா பழைய பெயரைக் கொண்டுவந்தார், 600-ஐ விட்டுவைத்தார். வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டு தங்கள் விருப்பப்படிதான் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நான் கவனிப்பது வேறு. அரசாணையில் மட்டும் இருக்கிறதா, சட்டமாக இருக்கிறதா? 2005-இல் நூறு நாள் வேலை சட்டமாக வந்ததால்தான் கூலி தாமதமானால் கேள்வி கேட்க முடிந்தது.

16. எனக்குத் தகுதி இருக்கு, ஆனா பணம் வரல. என்ன பண்றது?

முதலில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா, இல்லை ஏற்கப்பட்டும் பணம் வரவில்லையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். நிராகரிப்பு என்றால் காரணத்தை எழுத்திலோ மெசேஜிலோ கேட்டு வாங்குங்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் ஆவணம் வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். உரிமைத் தொகை தொடங்கியபோது, மெசேஜ் வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். கெடு முக்கியம்.

ஏற்கப்பட்டும் வரவில்லை என்றால், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்கு அது போயிருக்கலாம். நூறு நாள் வேலைக்கோ காஸ் மானியத்துக்கோ எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கில் பணம் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. வங்கியில் "ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது?" என்று கேளுங்கள். வந்த பணத்தில் மினிமம் பேலன்ஸ் அபராதம் என்று பிடித்திருந்தால், கணக்கை இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிடித்ததைத் திருப்பிப் போடச் சொல்லியும் அதே கடிதத்தில் எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.